பன்னிரண்டாம் எண்

கேபிளைப் பிடுங்கி மறுபடியும் சொருகினேன். முட்டாள் வேலை என்று எனக்கே தெரியும். பாலிடெக்னிக் லேப்பில் காலமெல்லாம் பையன்களைத் திட்டியே தொண்டை கட்டியவன் நான், கழற்றி மாட்டுவது வைத்தியம் இல்லைடா, எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் பார், அப்புறம் கை வை என்று. அந்தப் பையன்களில் ஒருவன் இப்போது பின்னால் நின்று பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். சிரிக்கட்டும். நாலு மணிக்கு மீட்டிங். மூன்று அடித்து எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது, கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. ரூட்டரில் எல்லா விளக்கும் எரிகிறது. ஓரத்தில் ஒன்று மட்டும் விட்டு விட்டு மினுக்குகிறது. மினுக்கினால் நல்லது, போக்குவரத்து நடக்கிறது என்று அர்த்தம், அப்படித்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆஸ்பத்திரியிலும் ஒரு பச்சை விளக்கு இப்படித்தான் மினுக்கியது, நானும் அதைப் பார்த்துப் பார்த்து மதியிடம், ஒண்ணுமில்ல, பாரு மினுக்குது, மினுக்குதுன்னா நல்லாருக்குதுன்னு அர்த்தம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் தலையை ஆட்டினாள். அன்றோடு விளக்குகளை நம்புவதை விட்டிருக்க வேண்டும். எங்கள் மகள் தாரணி போய் இரண்டு வருஷம். வெறும் காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது, அதற்கு மேல் அதை நினைக்க வேண்டாம், இப்போது நெட் வேண்டும், நெட் மட்டும்தான் வேண்டும். அவளோடு வேலை பார்த்த பிள்ளைகள் இன்றைக்கு ஆன்லைனில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். ஏற்பாடெல்லாம் நஸ்ரின். தாரணியோடு கல்லூரியிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவள். "அங்கிள், கண்ணு தெரியாதவங்களுக்குத் தமிழ் படிச்சுக் காட்டுற புரோகிராம் ஒண்ணு தாரணி எழுதிட்டு இருந்தாள்ல, அதை நாங்க முடிச்சிட்டோம். அவ பேர்லயே வெளிய விடறோம். நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். ஆன்ட்டியும் வரணும்" என்றாள். சரிம்மா என்றேன். ஆன்ட்டியிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நாலைந்து தடவை வாயெடுத்தேன். தாரணி பேரை எடுத்தாலே மதி எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பதற்குப் பேசாமலே இருந்துவிடலாம்.

எழுந்து போய்த் தாரணி அறைக்கு வெளியே நின்றேன். மத்தியானம் சாப்பாடு ஆனதும் மதி அங்கேதான் போய்ப் படுக்கிறாள். கொஞ்ச நாளாகக் கதவையும் சாத்திக்கொள்கிறாள். "மதி, உன் போன்ல நெட் வருதா?" என்றேன். உள்ளே ஏதோ நகர்த்துகிற சத்தம், கட்டில் கிறீச்சிடும் சத்தம். "வருதுங்க. ஏனுங்க?" என்றாள். தூங்கிய குரல் இல்லை. அழுத குரலா என்று காதைக் கூர்மையாக்கினேன், அப்படியும் இல்லை. "ஒண்ணுமில்ல, என் மெஷின்ல வரல." "என் போன் வேணுங்களா?" "வேண்டாம் வேண்டாம், நீ படு." வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எதுக்கு என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். எனக்கென்று இருப்பது பட்டன் போன், அதில் பேசலாம், அலாரம் வைக்கலாம், அவ்வளவுதான். உள்ளே என்ன ஓடுகிறது என்று திறந்து காட்டாத எந்தச் சாமானும் எனக்கு வேண்டாம் என்று ஊரெல்லாம் லினக்ஸ் பிரசங்கம் செய்தவன், இந்த வயசில் போய் ஸ்மார்ட்போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார முடியுமா? திறந்து காட்டாத சாமான் வேண்டாமாம். வீட்டுக்குள் இரண்டு பேர் இருக்கிறோம், ஒருவர் உள்ளே என்ன ஓடுகிறது என்று மற்றவருக்குத் தெரியாது, இதில் கொள்கை வேறு. சரி. மதியின் போனில் நெட் வருகிறது என்றால் ரூட்டர் நன்றாக இருக்கிறது, வெளியிலிருந்து வரும் லைன் நன்றாக இருக்கிறது. கோளாறு என் மெஷினில். என்னிடம்தான்.

திரும்பி வந்து, கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து பிங் அடித்தேன். பிங் என்பது ஒன்றுமில்லை, ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பார்த்து 'இருக்கியா?' என்று கேட்பது. இருந்தால் 'இருக்கேன்' என்று ஒரு வரி பதில் வரும். எதற்கெடுத்தாலும் அதைத்தான் முதலில் அடிக்கச் சொல்வேன் என்று லேப்பில் எனக்குப் பிங் சார் என்றே பேர் வைத்திருந்தார்கள். ரூட்டரைக் கேட்டேன். இருக்கேன் என்றது. இருக்கேன். இருக்கேன். அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் மறுபடி ஒரு இருக்கேன். அப்புறம் இல்லை. முழுசாகச் செத்தால் கண்டுபிடித்துவிடலாம், இப்படி வந்து வந்து போகிற நோய்தான் ஆளைக் கொல்லும். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று டாக்டரே சொன்ன மத்தியானம் அவள் எழுந்து உட்கார்ந்து தயிர்சாதம் கேட்டாளே, நானும் கேன்டீனுக்கு ஓடினேனே. வேண்டாம். எண்ணைப் பார், உன் எண்ணைப் பார். லேப்பில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண் கொடுத்து நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி வைப்பேன், ரூட்டர் தன் இஷ்டத்துக்கு எண் கொடுக்கிற வேலையெல்லாம் என்னிடம் நடக்காது. வீட்டிலும் அதே சட்டம்தான். நான் பத்து, மதியின் போன் பதினொன்று, தாரணியின் லேப்டாப் பன்னிரண்டு. "ரேஷன் கார்டுல பேர் போட்ட மாதிரி வரிசையா வெச்சிருக்கறாரு பாரு உங்கப்பன்" என்று மதி சிரித்தாள். அவள் அப்போதெல்லாம் சிரிப்பாள். தாரணி வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, காலையில் எழுந்தாளா, வேலையில் உட்கார்ந்தாளா என்று தெரிய நான் பன்னிரண்டுக்கு ஒரு பிங் அடிப்பேன். பதில் வந்தால் விழித்திருக்கிறாள். ராத்திரி பதில் நின்றால் மூடிவிட்டுப் படுத்துவிட்டாள், நானும் போய்ப் படுக்கலாம். "நாலு எட்டு நடந்து போயிக் கதவத் தட்டிக் கேட்டா ஆகாதுங்களா?" என்பாள் மதி. கதவைத் தட்டினால் பிள்ளைக்கு வேலை கெடும் என்பேன். உண்மை அது இல்லை. பெண் வளர்ந்துவிட்டால் கதவைத் தட்டி என்ன கேட்பது என்று ஒரு அப்பனுக்குத் தெரிவதில்லை. பிங் அடிக்கத் தெரியும், அடித்தேன்.

அவள் போன பிறகும் விரல் நிற்கவில்லை. காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தால் விரல் தானாகப் பன்னிரண்டுக்கு அடித்துவிடும். சேர வேண்டிய இடத்தை எட்ட முடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி வரும். இன்னொரு வரி. இன்னொரு வரி. நிறுத்துகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும், அதற்கு என்ன தெரியும். மாசக் கணக்கில் அந்த வரியைப் பார்த்தேன். அடிக்காமலும் இருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஒரு நாள் என் மெஷினின் எண்ணைப் பத்திலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றிவிட்டேன். அந்த இடம் காலியாகத்தானே கிடக்கிறது, நாம் போய் உட்கார்ந்தால் என்ன என்று. அதற்கப்புறம் பன்னிரண்டைக் கேட்டால் பதில் வந்தது, இருக்கேன் இருக்கேன் என்று அடுக்கடுக்காக, கண் இமைப்பதற்குள். வராமல் என்ன? கேட்பவனும் நான், சொல்பவனும் நான். எந்தப் பையனாவது லேப்பில் இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். ஆனால் அன்று ராத்திரி தூங்கினேன். பைத்தியம் பிடிக்காமல் இருக்க ஆளுக்கு ஆள் ஏதோ செய்கிறார்கள், கோயில் குளம் சுற்றுகிறார்கள், குடிக்கிறார்கள். நான் ஒரு எண்ணை மாற்றினேன். யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு வாரமாகத்தான் இந்தத் தொல்லை. அதுவும் மத்தியானத்தில் மட்டும். காலையில் ஒழுங்காக இருக்கிறது, சாயங்காலம் ஒழுங்காக இருக்கிறது, சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் இழுத்துக்கொள்கிறது. வெயிலில் ரூட்டர் சூடாகிறதோ என்று டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன், கேட்கவில்லை. நெட்வொர்க் சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓட்டினேன், கேட்கவில்லை. லினக்ஸின் அடிப்படையான கர்னலையே பழையதாக மாற்றி ஏற்றிப் பார்த்தேன், நேற்று அதில் முழு மத்தியானமும் போயிற்று. மெஷினின் பதிவுகளைப் புரட்டினேன், ஒரு தப்பும் இல்லை, எல்லாம் சரி, எல்லாம் சரி என்று எழுதி வைத்திருக்கிறது, அந்த டியூட்டி டாக்டர் மாதிரி. பேச வேண்டியதை நேற்றே எழுதிப் பார்த்தேன். என் மகள் என்று ஆரம்பித்தேன். என் மகள் தாரணி. அதற்கு அப்புறம் இருந்தாள் என்று போடுவதா, இருக்கிறாள் என்று போடுவதா, அங்கேயே நின்றுவிட்டது. பேசுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் போய் உட்கார வேண்டும், பிள்ளைகள் இத்தனை செய்திருக்கிறார்கள், அவளைப் பெற்றவன் என்று ஒருத்தன் திரையில் ஒரு சதுரத்தில் தெரிய வேண்டாமா? வராமல் போனால் நஸ்ரின் என்ன நினைப்பாள்? அங்கிளுக்கு மனசு கேட்கவில்லை போல என்று அவர்களே சொல்லிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்கள். அது தாங்காது. இன்றைக்கு அவளுக்காக யாரோ எங்கேயோ பேசும்போது நான் இங்கே கேபிளைச் சொருகிக்கொண்டு இருந்தேன் என்றால் அது தாங்காது. ஆஸ்பத்திரியிலும் கடைசியில் நான் தயிர்சாதப் பொட்டலத்தோடு லிப்ட் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மூச்சை விடு. ஒரு வழி பாக்கி இருக்கிறது, லேப்பில் அபூர்வமாக வருகிற வியாதி ஒன்று. ஒரே எண்ணை இரண்டு மெஷின்கள் வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். தபால்காரனுக்கு ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு கிடைத்த மாதிரி, ரூட்டர் ஒரு தடவை இவனுக்குக் கொடுக்கும், ஒரு தடவை அவனுக்குக் கொடுக்கும், இரண்டு பேருக்கும் முழுசாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் இந்த வீட்டில் இன்னொரு மெஷின் ஏது? பத்து காலி. பதினொன்று மதியின் போன். பக்கத்து வீட்டுக்காரன் எவனாவது திருடி நுழைந்திருந்தாலும், அவனுக்கு எதற்குப் பன்னிரண்டு என்று சரியாகத் தோன்ற வேண்டும்? அடித்துத்தான் பார்ப்போமே. இந்தத் தெருவிலேயே, என்னைத் தவிர, பன்னிரண்டு என்று யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிற கட்டளை. யாரும் பதில் சொல்லக் கூடாது. அடித்தேன். பதில் வந்தது. இருக்கேன் என்றது. நான் இல்லை, என் நெட்வொர்க் கார்டு இல்லை, வேறு ஒரு கார்டு. கம்பெனியில் செய்யும்போதே ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நீளமான அடையாளம் பொறித்து விடுவார்கள், உலகத்தில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அந்த அடையாளம் திரையில் நிற்கிறது. அது எனக்குத் தெரியும். அவள் லேப்டாப் வாங்கிய அன்று நான்தான் ஒவ்வொரு எழுத்தாக ரூட்டரில் ஏற்றினேன், தப்பாக ஒன்றை அடித்தபோது அவள் என் தோளுக்கு மேலாக எட்டி, "அப்பா, நாலு இல்ல, ஏ" என்று திருத்தினாள். அந்த ஏ இதோ இருக்கிறது. சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று பேசித் திரிந்தவன் நான், ஒரு கணம், ஒரே ஒரு கணம், தாரணி என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு பதில் சொல்கிறது. இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் பதில் சொல்கிறது. அப்புறம் புத்தி திரும்பியது. லேப்டாப் அவள் அறை பீரோவில், துணிக்கு அடியில் இருந்தது. போன வாரம்தான் நான் மதியிடம், அந்த லேப்டாப்பைப் பாலிடெக்னிக்கில் படிக்கிற பிள்ளை எதற்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். போன வாரம். கொஞ்ச நாளாகச் சாத்தியிருக்கிற கதவு. நகர்த்துகிற சத்தம். எத்தனை பெரிய மடையன் நான், வீடு பூராவும் கம்பி கம்பியாகத் தேடியிருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கதவுக்கு முன்னால் போய் நின்றேன். நாலு எட்டுதான், அவள் சொன்னது சரி. கையைத் தூக்கினேன், தட்டுவதற்குப் பயமாக இருந்தது. உள்ளே என்ன பார்க்கப் போகிறேனோ. போட்டோக்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்தால் நான் என்ன செய்வேன், எங்கே நிற்பேன்? தட்டினேன். "தொறந்துதானுங்க இருக்குது." கட்டிலில் கால் நீட்டி, மடியில் தலையணை, அதன் மேல் லேப்டாப். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாதி மூடினாள், அப்புறம் மூடி என்ன ஆகப் போகிறது என்பது போல் மறுபடி திறந்தாள். "வேற எதையும் தொடலீங்க. அப்டேட்டு மட்டுந்தான் போட்டுட்டு இருக்கறேன்" என்றாள். "அப்டேட்டா?" "குடுத்தறலாம்னீங்க. குடுக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா முகத்தைப் பாத்துக்கலாம்னு தொறந்தேன். இத்தனை அப்டேட்டு பாக்கி இருக்குதுன்னு காட்டுச்சு. அவ மெஷினு ஒரு நாளாச்சும் அப்படிக் கெடந்திருக்குதுங்களா? அப்பா மெஷினு பழசாக் கெடக்குது பாரும்மான்னு உங்களையே திட்டுவா. அதான் போட்டுட்டு இருக்கறேன். நின்னு நின்னு வருது, ஒரு வாரமா முடியவே மாட்டீங்குது." நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பாஸ்வேர்ட் எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். தாரணி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை, கதவைத் தட்டிக் கேட்டவர்களுக்குத்தானே சொல்வார்கள். "என்னாலதான் உங்களுக்கு நெட்டு வர்லீங்களா?" என்றாள். "இல்ல மதி. நான்தான் அவ எண்ணுல உக்காந்திருந்தேன். என்னாலதான் உனக்கு அப்டேட் முடியல." அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, என் முகத்தையே பார்த்தாள். "பத்துல இருந்து எப்பங்க மாறினீங்க?" வரிசை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. "போன வருஷம். அந்த இடம் காலியா இருக்கறதப் பாக்க முடியல." அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள், துடைத்தாள், நெடுநேரம் துடைத்தாள். இனி மறைத்து என்ன. "மதி, நாலு மணிக்கு ஒரு கூட்டம். நஸ்ரின் அவங்கெல்லாம் சேந்து" என்று ஆரம்பித்தேன். "தெரியுமுங்க" என்றாள். "பழைய குரூப்பு மெயிலுல போட்டிருக்கறாங்க. இவளுக்கும் வந்திருக்குது. தொறந்தன்னிக்கே பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்." ஒரு வாரம். ஒரு வாரமாக நான் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமும் ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு சோறு போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். "லேப்டாப்ப யாருக்கும் குடுக்க வேண்டாம்" என்றேன். அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தாள்.

வந்து உட்கார்ந்து எண்ணை மாற்றினேன். பன்னிரண்டை அழித்தேன், பத்து என்று போட்டேன். நெட் அப்போதே வந்துவிட்டது. ஒரு வார வியாதி, ஒரே வரியில் சரியாயிற்று. மீட்டிங் ஜன்னலைத் திறந்தால் சதுரம் சதுரமாக முகங்கள், எல்லோருக்கும் இரண்டு வயசு கூடியிருக்கிறது. பக்கத்தில் கறுப்பு ஜன்னலில் விரல் தானாகப் பன்னிரண்டுக்கு அடித்தது. இருக்கேன். இருக்கேன். இருக்கேன். முன்னைப் போல மின்னல் வேகத்தில் இல்லை, கொஞ்சம் மெதுவாக, சுவரைத் தாண்டி வருகிற வேகத்தில். அடுத்த அறையிலிருந்து மதி கூப்பிட்டாள். "ஏனுங்க, மடமடன்னு முடிஞ்சிருச்சு. ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுதுங்க. பண்ணட்டுங்களா?" பண்ணினால் இது நின்றுவிடும். இப்போதுதான் வந்தது, நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று சொல்லத்தான் நினைத்தேன். "பண்ணு" என்றேன். நின்றது. சேர வேண்டிய இடத்தை எட்ட முடியவில்லை. எட்ட முடியவில்லை. எட்ட முடியவில்லை. கை நிறுத்துகிற பட்டனுக்குப் போயிற்று, இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அங்கிள், நாங்க பேசறது கேக்குதா? ஆரம்பிக்கலாமா?" என்று நஸ்ரின் கேட்டாள். "ஒரு நிமிஷம் இரும்மா. வந்துட்டு இருக்கறாங்க" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒற்றை விரலால் பாஸ்வேர்ட் அடிக்கிற சத்தம் கேட்டது. எத்தனை எழுத்து என்று எண்ணத் தோன்றியது, எண்ணவில்லை. மதி வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கறுப்பு ஜன்னலைப் பார்த்து, "இது என்னங்க?" என்றாள். "கேட்டுட்டு இருக்கேன்." "என்னன்னுங்க?" "இருக்கியான்னு." அவள் அதையே பார்த்தாள், நானும் பார்த்தேன். எட்ட முடியவில்லை. எட்ட முடியவில்லை. அப்புறம் வேறு ஒரு வரி வந்தது, இருக்கேன். அதன் கீழே இன்னொன்று. மதி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "ஆரம்பி கண்ணு" என்றாள் நஸ்ரினிடம். "நாங்க எல்லாரும் வந்துட்டோம்."